பழைய சொகுசு கார்: விலைக்குப் பின்னால் வரும் செலவு

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி நடத்துகிறேன். சீசன் பணம் கைக்கு வந்ததும், "அண்ணே, பெங்களூருல பிஎம்டபிள்யூ சல்லிசா வருது, எடுக்கலாமா?" என்று யாராவது கேட்பார்கள்.

முதலில் கேஏ என்று தொடங்கும் கர்நாடகப் பதிவு எண்ணைப் பாருங்கள். இங்கே தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அங்கே என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி. என்ஓசி வாங்கித் தரும் வேலையை விற்பவரிடமே விட்டு, அதுவரை பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வையுங்கள்.

கார் விலை பாதிக்கும் கீழே இறங்கலாம். உதிரிபாகத்தின் விலை இறங்காது. ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைக் காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு) இருந்தால் ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரு மூலை அமுங்கியிருந்தால் காற்று கசிகிறது. கியர்பாக்ஸைத் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சோதியுங்கள். கியர் மாறும்போது உதறினால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். ரன்ஃபிளாட் டயர் என்றால் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓடும், சரி. ஆனால் நான்கும் தேய்ந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் பிரீமியத்தை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வண்டிக்கு 5 வயது தாண்டியிருந்தால் ஜீரோ டெப் (க்ளெய்மில் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத பாலிசி) கிடைக்குமா என்பதையும் சேர்த்து.