டயபிடீஸில் சீனி இல்லை

மருத்துவத் துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்கப் பழகும் பிள்ளைகளின் தாள்களைத் திருத்தும்போது, இருபது வருடத்துக்கு முன் நான் விட்ட பிழைகளையே திரும்பக் காண்கிறேன். எழுத்துப்பிழைகளை விடுங்கள், அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த பகுதி இது. இங்கிருந்துகொண்டு சொல்லின் வேரைப் பாராமல் எழுதுவது சரியில்லை.

பீடிக்ஸ் என்றால் கால் அல்ல

எலும்பு, மூட்டு மருத்துவமான ஓர்தோபீடிக்ஸில் இருப்பது குழந்தை. நேர் என்ற ஓர்தோஸ், குழந்தை என்ற பைடியோன் இரண்டையும் சேர்த்து 1741இல் அந்திரி என்ற பிரெஞ்சு வைத்தியர் ஆக்கிய சொல்.

டயபிடீஸ் என்றால் சீனி அல்ல

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கிரேக்கத்தில் அதற்கு ஊடாக ஓடிப்போவது என்று பொருள். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் போய்விடுகிறது. நீரிழிவு, சலரோகம் என்ற எங்கள் சொற்களும் அதைத்தானே சொல்கின்றன! சீனி வருத்தத்தின் முழுப்பெயர் டயபிடீஸ் மெலிட்டஸ். அதில் தேனினிப்பைச் சொல்லும் இலத்தீன் அடைமொழி மெலிட்டஸ். சீனி அதற்குள் இருக்கிறது. டயபிடீஸ் இன்சிப்பிடஸ் வேறொரு வருத்தம். இன்சிப்பிடஸ் என்றால் சுவையற்றது. அந்த வருத்தத்தில் சலத்தில் சீனி வராது. உடம்பில் நீரைத் தங்கவைக்கும் வாசோபிரசின் என்ற ஹோர்மோன் குறைவதாலோ, சிறுநீரகம் அதற்கு இசையாததாலோ நீர் வெளியேறுகிறது.

நான் அதை 'சுவையற்ற சீனி வருத்தம்' என்று எழுதிவிட்டேன். வாசித்த தாய் ஒருவர் மகனின் தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினார். அப்புறம், சலம் குறையட்டும் என்று இரவில் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துவைத்தார். தண்ணீரைத் தடுத்தால் இந்த நோயாளிக்கு இரத்தத்தில் சோடியம் ஏறும், மயக்கம்கூட வரும். நாக்கு வறண்டு, உதடு வெடித்து அந்தப் பொடியன் கிளினிக்குக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பிள்ளை தேறிவிட்டான். அந்தத் தாள் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

இதே குழப்பத்தால் பல நாடுகளில் நோயாளிகள் பாதிக்கப்பட்டதால், 2022இல் அகச்சுரப்பியியல் வல்லுநர்கள் பெயரையே மாற்றச் சொன்னார்கள். நீங்களும் காரணத்துக்கேற்ப வாசோபிரசின் குறைபாடு அல்லது வாசோபிரசின் எதிர்ப்பு என்று எழுதுங்கள். 'இது சீனி வருத்தம் அல்ல, தண்ணீரைத் தடுக்காதீர்கள்' என்பது முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில் வரவேண்டும்.

நெஃப்ரோவா, ரீனலா

நெஃப்ரோ கிரேக்கம், ரீனல் இலத்தீன். இரண்டுக்கும் சிறுநீரகம் என்ற ஒரே சொல் போதும்.