வீட்டில் கலந்த வெள்ளை ஒயினில் எந்தத் திராட்சை?

பல வகைத் திராட்சைகளைக் கலந்து வீட்டில் தயாரித்த வெள்ளை ஒயினைச் சுவைத்து வகைகளை ஊகிக்க விரும்புவோர், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை உடனே ஊற்றாமல், அது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கடுங்குளிர் மணத்தை அடக்கிவிடும். இங்கு நாக்கைவிட மூக்கே நம்பத்தக்க சாட்சி. ரோஜாவும் லிச்சிப் பழமும் மணந்தால் கெவூர்ட்ஸ்டிராமினர் என்னும் திராட்சை வகையையும், திராட்சைப் பழத்தையே முகர்வது போலிருந்தால் மஸ்கட்டையும், நறுக்கிய குடைமிளகாயோ வெட்டிய புல்லோ நினைவுக்கு வந்தால் சோவிஞான் பிளாங்கையும் முதலில் கருதலாம். ரீஸ்லிங்கைக் கூரிய புளிப்பு காட்டிக்கொடுக்கும். சில ஆண்டுகள் முதிர்ந்ததில் மண்ணெண்ணெய்ச் சாயலும் எழக்கூடும், அதைக் கெட்டுப்போனதாக எண்ணிக் கொட்டிவிட வேண்டாம்.

பலரை ஏமாற்றுவது ஷார்டனேதான். அதற்கு உரியதென நாம் எண்ணும் வெண்ணெய் மணம், மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்களால் வருவது; வெனிலா மணமோ ஒயினை முதிரவைக்கும் ஓக் மரத்தின் கொடை. ஆகவே இவற்றை வைத்து மட்டும் திராட்சையைத் தீர்மானிக்கலாகாது.

மஸ்கட் சிறிதளவே சேர்ந்தாலும் முன்னே வந்து நிற்கும் என்பதால், மணத்தின் வலிமையைக் கொண்டு அளவைக் கணிப்பதும் தவறு. தனி வகை ஒயின்கள் கைவசம் இருந்தால், அளவுக் குடுவையில் 90-க்கு 10, 80-க்கு 20 என நீங்களே கலந்து, மூலக் கலவையை இரண்டு கோப்பைகளிலும் உங்கள் கலவையை மூன்றாவதிலும் வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். பலமுறை முயன்றும் வேறுபட்ட கோப்பையைப் பிரித்தறிய முடியவில்லையெனில், உங்கள் ஊகம் உண்மையை நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.