மாம்பால், முந்திரிப்பால் பட்ட பிள்ளைக்கு தயவுசெஞ்சு இதையெல்லாம் செய்யாதீங்க

மே மாசம் லீவுக்கு காரைக்குடி பக்கம் வந்து இறங்குற பிள்ளைக வளவுக்குள்ளயா இருக்கும், நேரா தோப்புக்குத்தான். மாங்காக் காம்பை உடைச்சு அப்படியே கடிக்கும், பச்சை முந்திரிக்கொட்டைய நோண்டும், ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு உதடு, கன்னமெல்லாம் செவந்து கொப்புளம். அமெரிக்காவுல பாய்சன் ஐவின்னு ஒரு கொடிக்குப் பயப்படுவாங்க, அது இங்க இல்ல, ஆனா மா, முந்திரி, சேராங்கொட்டை மூணும் அதோட குடும்பம்தான், அரிப்பும் அதே ஜாதி. குழந்தைங்க கிளினிக்ல நர்ஸா இருக்கேன். சோப்பு போட்டுக் கழுவு, நகத்தை வெட்டுங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுர்றேன்.

மெடிக்கல்ல கேட்டு வாங்குற ட்யூப்

இதுக்குத்தான் எனக்கு இன்னமும் கோவம் வருது. போன சீசன்ல ரெண்டு வயசுப் பிள்ளை ஒண்ணு, அப்பத்தா மடியில உக்காந்து கன்னத்தைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. என்ன தடவுனீங்கன்னு கேட்டா, "நல்லா கேக்குற மருந்துதாம்மா, ரெண்டே நாள்ல வெளுத்துருச்சு, விட்டா திரும்ப வருது"ங்கிறாக. ட்யூபை வாங்கிப் பார்த்தா குளோபெட்டசால், கூட பூஞ்சைக்கு ஒண்ணு, கிருமிக்கு ஒண்ணு. ஸ்டீராய்டுலயே ரொம்ப வீரியமானது அது, அதை முகத்துல, அதுவும் பிள்ளை முகத்துல! இந்த அரிப்பு தானா அடங்கவே ரெண்டு மூணு வாரம் ஆகும், க்ரீம் அதை அமுக்கி மட்டும்தான் வைக்கும், நிறுத்துனா முன்னவிட செவப்பா கிளம்பும், உடனே திரும்பத் தடவுவோம், இப்படியே போயி தோல் மெலிஞ்சு நரம்பு தெரிய ஆரம்பிச்சுரும். டயப்பருக்குள்ள தடவுனா இன்னும் மோசம், மூடி வைக்கிறதால உடம்புக்குள்ள நல்லா இறங்கும். சில ட்யூப்ல இருக்கிற நியோமைசினே தனியா அலர்ஜி கிளப்பிவிடும். டாக்டர் சீட்டு இல்லாம இதெல்லாம் விக்கக்கூடாதுன்னு 2018லயே உத்தரவு போட்டாச்சு, யாரு கேக்குறா. ஸ்டீராய்டே ஆகாதுன்னு சொல்ல வரல, டாக்டரும் எழுதுவாரு, ஆனா எந்த இடத்துக்கு எவ்வளவு வீரியம், எத்தனை நாள்னு பார்த்து எழுதுவாரு.

அம்மைன்னு வேப்பிலை சொருகுறது

அம்மைன்னா பெரும்பாலும் காய்ச்சலோட வரும், நெஞ்சு முதுகுன்னு பரவலாப் போடும். இது பால் பட்ட இடத்துல மட்டும், பல நேரம் கோடு இழுத்த மாதிரி இருக்கும். சந்தேகமா இருந்தா காட்டிருங்க.

சுண்ணாம்பு, டூத்பேஸ்ட்

வேணாம்.

கொப்புளத் தண்ணி பட்டா பரவுமாம்

பரவாது. தோப்புல போட்ட சட்டையத் துவைக்காம திரும்ப மாட்டிவிட்டா வரும்.

முந்திரி ஓட்டை எரிக்கிற இடத்துல பிள்ளைய நிறுத்துறது

அந்தப் புகையிலயும் இதே அரிப்பைக் கிளப்புற எண்ணெய் இருக்கு.

வீட்லயே பார்த்துக்கலாம்னு இழுக்குறது

ஈரத்துணி ஒத்தடம், காலமைன் லோஷன், இது போதும், ஆனா கண்ணு வீங்குனா, ஒண்ணுக்குப் போற இடத்துல வந்தா, சீழ் வச்சா, காய்ச்சல் அடிச்சா அன்னிக்கே வாங்க. மூச்சு இழுத்தா எங்க கிளினிக்குக்கு கூட வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி. வரும்போது ஏற்கெனவே தடவுன ட்யூபையும் எடுத்துட்டு வாங்க, திட்டுவாங்கன்னு ஒளிச்சு வச்சா என்ன மருந்து உள்ள போயிருக்குன்னே டாக்டருக்குத் தெரியாது.