பெண் பொறியாளர் புகார் கொடுத்தால் நிறுவனங்கள் செய்யும் தவறுகள்

வாடகைக் கார் செயலி நிறுவனமான உபரில் பொறியாளராக இருந்த சூசன் ஃபௌலர் 2017 பிப்ரவரியில் தன் வலைப்பதிவில் எழுதியதை எச்.ஆர் (மனிதவள) துறையினர் ஒருமுறையாவது படிக்க வேண்டும். புது அணியில் சேர்ந்த கையோடு மேலாளர் கம்பெனி சாட்டிலேயே தகாத முறையில் பேச, ஃபௌலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எச்.ஆரிடம் கொடுத்தார். கிடைத்த பதில்: "இது அவருக்கு முதல் தவறு, நன்றாக வேலை செய்பவர், எச்சரித்து விடுகிறோம். நீங்கள் வேறு அணிக்குப் போகலாம். இங்கேயே இருந்தால் ரிவ்யூவில் (பணி மதிப்பீட்டில்) அவர் உங்களைக் குறைத்துப் போடலாம். அதைப் பழிவாங்கல் என்று சொல்ல முடியாது."

செய்யக்கூடாத அத்தனையும் இந்த ஒரே பதிலில் இருக்கிறது.

"முதல் தவறு" என்பதே பொய். அதே ஆள்மீது ஏற்கெனவே புகார் கொடுத்த பெண்கள் இருந்தது ஃபௌலருக்குப் பின்னால்தான் தெரிந்தது. பழைய புகார்களை அந்த நபரின் பெயரில் தேடிப் பார்க்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அடுத்தது, புகார் கொடுத்தவரையே இடம் மாற்றுவது. அதற்கு 'உங்கள் விருப்பம்' என்று பெயர் வேறு! விசாரணை முடியும்வரை மாற வேண்டியது ரிப்போர்ட்டிங்தான், அதாவது புகார்தாரர் யாருக்குக் கீழ் வேலை செய்கிறார் என்பதுதான். புகாருக்கு உள்ளானவர் கையில் புகார்தாரரின் ரிவ்யூ இருக்கவே கூடாது. 'அவர் இல்லாவிட்டால் ரிலீஸ் (மென்பொருள் வெளியீடு) நின்றுவிடும்' என்பார்கள். ஒரே ஆளை நம்பி ரிலீஸ் இருந்தால் அது தனிக் கோளாறு, அதைத் தனியாகச் சரிசெய்யுங்கள்.

கமுக்கமாகப் பணம் கொடுத்து அனுப்பிவைப்பதும் எடுபடாது. பாலியல் குற்றச்சாட்டுக்கு உள்ளான, ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபினுக்கு கூகுள் 9 கோடி டாலர் கொடுத்து வழியனுப்பியதாக 2018 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஆனாலும் நவம்பர் 1 அன்று உலகெங்கும் சுமார் 20,000 கூகுள் ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகவிடாத கட்டாய நடுவர் ஒப்பந்தத்தை, பாலியல் தொல்லைப் புகார்களைப் பொறுத்தவரை, கூகுள் அந்த மாதமே கைவிட்டது. அமெரிக்கச் சட்டம் அதைச் சொன்னது 2022இல்தான்.

பலர் கோட்டைவிடுவது புகார்க் கோப்பை மூடிய பிறகு. ஃபௌலர் அணி மாறக் கேட்டபோது, அதுவரை எங்கும் பதிவாகாத 'செயல்திறன் பிரச்சினை' திடீரென முளைத்தது. பின்னர் நல்ல ரிவ்யூ வந்தும் அந்த ரிவ்யூ குறைத்துத் திருத்தப்பட்டது. புகார் கொடுத்தவரின் மதிப்பீடு அப்படி இறங்கினால், மேலாளரிடம் எழுத்தில் காரணம் கேட்க வேண்டியது எச்.ஆர், பாதிக்கப்பட்டவர் மறுபடி ஒரு புகாரோடு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.