குத்துச்சண்டை வீரரை நேரில் பார்க்கும்போது: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் பந்துக்குச் சேரும் கூட்டம் குத்துச்சண்டைக்குச் சேராது. ஆனால் இருக்கிற சில பேர் அதற்காக உயிரை விடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்து, கோலாலம்பூருக்குப் போய், தொழில்முறையில் சண்டை போடும் தம்பிகள் தீபாவளிக்கோ தீமிதிக்கோ ஊருக்கு வந்தால் போதும். ஒட்டுக்கடையில் அவர்களைச் சுற்றி நாற்காலிகள் வந்துவிடும். நான் பல வருடங்களாக அவர்களில் சிலருக்குக் கையுறைக்குள் கட்டும் கைத்துணி சுற்றியிருக்கிறேன், சுற்றுகளுக்கு நடுவே மூலையில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ஆசையோடு வரும் ரசிகர்கள் தெரியாமல் அவர்களை வலிக்க வைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். வலி என்று நான் சொல்வது உடம்பு வலியைத்தான்.

முதலில் கை. பாக்ஸர் என்றதும் நம் ஆட்களுக்கு ஓர் ஆசை வந்துவிடும். தன் பிடியும் சாதாரணப் பிடி இல்லை என்று காட்ட, நசுக்குகிற மாதிரி கை குலுக்குவார்கள். மனிதக் கையில் 27 எலும்புகள். விரல் முட்டிகளுக்குப் பின்னால் உள்ளங்கைக்குள் ஓடும் ஐந்து நீள எலும்புகளும் மெலிந்தவை. அவை போய் மோதுவதோ நெற்றி எலும்பில், தாடையில். நடுவில் இருக்கும் பாதுகாப்பு எவ்வளவு தெரியுமா? வெல்டர்வெயிட் வரை, அதாவது 66.7 கிலோ வரை, 8 அவுன்ஸ் கையுறை. அதற்கு மேல் 10 அவுன்ஸ். உள்ளே கொஞ்சம் துணி, டேப். எட்டுச் சுற்று அடித்து முடித்தவரின் கை அன்றிரவே வீங்கத் தொடங்கும். ஒரு தம்பி, ஜெயித்து மூன்றாம் நாள், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்று காலையில்தான் ஒருவர் வாழ்த்துச் சொல்லி அந்தக் கையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனார்.

அதனால் அவர் கை நீட்டும்வரை பொறுங்கள். நீட்டினால் தொட்டால் போதும். முட்டியை மடக்கி நீட்டினால் உங்கள் முட்டியை மெதுவாக வையுங்கள். இடது கையை நீட்டினால் மரியாதை தெரியாதவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டில் அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம் அவருக்கும் தெரியும். வலது கை முடியாததால்தான் இடதை நீட்டுகிறார். முதுகில் ஓங்கித் தட்டுவதும், இறுக்கிக் கட்டிப்பிடிப்பதும் இதே வகைதான். விலாவில் வாங்கிய அடி வெளியே தெரியாது. சட்டைக்குள் இருக்கும்.

அடுத்தது, பொய்க் குத்து. 'எங்கே தடுங்க பார்ப்போம்' என்று சிரித்தபடியே முகத்துக்கு நேராகக் கையை விடுவது. இதைச் செய்யாதீர்கள். ஒரு பாக்ஸர் வருடக்கணக்கில் பழகியதே, கண்ணுக்கு முன் எது வந்தாலும் யோசிக்காமல் விலகுவதற்கும் திருப்பி அடிப்பதற்கும்தான். வந்தது விளையாட்டா இல்லையா என்று மூளை யோசிப்பதற்குள் தோள் திரும்பிவிடும். கடைசி நொடியில் அவர் கையை இழுத்துக்கொண்டால் நீங்கள் தப்பித்தீர்கள். ஆனால் அப்படி இழுத்துக்கொண்ட பாக்ஸரின் முகத்தைப் பாருங்கள், சட்டென்று வெளிறிப் போயிருக்கும். தோமோய் என்ற தாய்லாந்து பாணிக் குத்துச்சண்டை பழகியவர்களிடம் வடக்கில் இந்த விளையாட்டு இன்னும் அதிகம் நடக்கிறது. அவர்களிடம் காலும் முழங்கையும் சேர்ந்து வரும். 'வயிற்றில் ஒரு குத்து விடுங்க அண்ணே, தாங்கறேன்' என்று கேட்பதும் வேண்டாம். அவர் குத்தினாலும் பிரச்சினை, மறுத்தாலும் 'பயந்துட்டான்' என்று பேச்சு.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் ரசிகர்கள் செய்யும் தவறை மனம் வலிக்காமல் சொல்ல முடியவில்லை. அது அன்பில் பிறந்த தவறு. வீட்டுக்கு வந்தவரைப் பசியாறாமல் அனுப்புவது நமக்கு ஆகாது. ஆனால் எடை பார்க்கும் நாள் சண்டைக்கு முதல் நாள். அதற்கு முந்தைய சில நாட்களில் பலர் உடம்பில் உள்ள தண்ணீரையே வடித்துத்தான் தங்கள் பிரிவின் எடைக்குள் வருகிறார்கள். உப்பைக் குறைத்து, நீரைக் குறைத்து, வியர்க்க வியர்க்க ஓடி. அந்த நேரத்தில் நீங்கள் நீட்டும் ஒரு தே தாரிக் அவருக்கு 200 கிராம் எடை. அவர் வேண்டாம் என்றால் 'கோலாலம்பூர் போனதும் தலைக்கனம் வந்துடுச்சு' என்று சொல்லாதீர்கள். பேச்சுக் குறைந்திருக்கும், உதடு வெடித்திருக்கும், எரிச்சல் எட்டிப்பார்க்கும். அவரைப் பார்க்க அது நேரமே இல்லை. எடை பார்த்து முடித்து, நீரும் சோறும் உள்ளே போன பிறகு அதே தம்பி வேறு மனிதர். ஆனால் அப்போதும் அவருக்குத் தூக்கம் தேவை. விருந்தைச் சண்டைக்கு அடுத்த வாரத்துக்கு வையுங்கள். மனதாரச் சாப்பிடுவார்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சண்டை முடிந்த இரவில் பீர் வாங்கிக் கொடுக்காதீர்கள், ஜெயித்திருந்தாலும் சரி. தலையில் அடி வாங்கியவருக்கு அன்று மது கூடவே கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சுக் குழறுவது, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போவது இவையெல்லாம் மூளையில் ரத்தக் கசிவின் அடையாளமாக இருக்கலாம். குடித்திருந்தால் போதை என்று நினைத்து விட்டுவிடுவோம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அன்றைக்கு உங்களைவிடப் பெரிய ரசிகர் யாரும் இல்லை.

அப்புறம் பேச்சு. 2018 ஜூலை 15 அன்று புக்கிட் ஜாலில் ஆக்சியாட்டா அரங்கில் பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பக்கியாவ் ஏழாவது சுற்றில் லூக்காஸ் மத்தீசேயை வீழ்த்தினார். 2009க்குப் பிறகு பக்கியாவுக்கு அதுதான் முதல் நாக்அவுட் வெற்றி. நம் ஆட்கள் அதைப் பேசாத நாள் இல்லை. மத்தீசே அந்தத் தோல்வியோடு ஓய்வை அறிவித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார். நீங்கள் ஒட்டுக்கடையில் சந்திக்கும் வீரர் பெரும்பாலும் எப்போதாவது அந்தப் பக்கம் இருந்தவர்தான். அவரிடம் கைப்பேசியை நீட்டி, அவர் விழுந்த காட்சியைப் போட்டுக் காட்டி 'அந்த ஹூக்கை ஏன் பார்க்கல?' என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை என்பதால்தான் விழுந்தார். 'பக்கியாவோட மோதினா தாங்குவீங்களா?' என்பதும், 'மலேசியாவுல ஏதுங்க பாக்ஸிங்?' என்பதும் அதே ரகம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் சாப்போக் பிக்கி நமக்குத் தங்கம் வாங்கித் தந்தார். இதையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுவிட்டு எடுங்கள், ஒன்றோடு நிறுத்துங்கள், தையல் போட்ட புருவத்தின் மேல் கை படாமல் நில்லுங்கள். உடைமாற்றும் அறைக்குள் மட்டும் போகவே போகாதீர்கள். அங்கே அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட கைத்துணியை வெளியாள் தொட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்ற வேண்டிவரும்.

வயதான பாக்ஸர்களிடம் நடக்கும் தவறு இன்னும் கசப்பானது. தலையில் பல வருடம் அடி வாங்கியவர்களில் சிலருக்குப் பேச்சு குழறும், நடை தள்ளாடும். ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே இதை எழுதிவிட்டார். ஆனாலும் நம் ஊர்களில் அப்படி நடக்கும் ஒருவரைப் பார்த்தால் காலையிலேயே ஊற்றிக்கொண்டார் என்றுதான் முதலில் வாயில் வருகிறது. முகமது அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது உலகமே எழுந்து நின்றது. அதே நடுக்கம் நம் தெரு முனையில் ஒரு தாத்தாவுக்கு இருந்தால் விலகிப் போகிறோம். போகாதீர்கள். நேர் எதிரே உட்காருங்கள், பெயர் சொல்லுங்கள், மெதுவாகப் பேசுங்கள், ஒரே நேரத்தில் ஒரு கேள்வி. பதில் வரத் தாமதமாகும். வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும் சொல் வந்தே தீரும்.

அலி என்றதும் என் பெரியப்பா ஞாபகம் வருகிறது. 1975 ஜூலை 1, மெர்டேக்கா அரங்கில் அலிக்கும் ஜோ பக்னருக்கும் 15 சுற்றுச் சண்டை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் பெரியப்பா கோலாலம்பூர் போய் வந்தார். எங்கோ கடைசி வரிசையிலிருந்து அலியைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கேட்பவர்கள் 'பேசினீங்களா? கை கொடுத்தாரா?' என்று கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். பிறகு அது வளர்ந்தது. ஊர்ப் பையன்கள் கிண்டல் செய்ய ஆரம்பித்த பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உண்மையில் பார்த்ததுகூடப் பொய் என்று ஆகிவிட்டது. பார்த்ததைப் பார்த்த அளவுக்கே சொல்லுங்கள். கேட்கிற நாமும் அதற்கு மேல் கேட்காமல் இருந்திருக்கலாம். நானும் கேட்டவர்களில் ஒருவன்.

போன தீபாவளிக்கு ஒரு தம்பி ஊருக்கு வந்திருந்தார். சுற்றிலும் பேச்சு, படம், சத்தம். தமிழ்ப்பள்ளிப் பையன் ஒருவன் ஓரமாக நின்றுகொண்டே இருந்தான். கூட்டம் குறைந்ததும் வந்து, "அண்ணே, கைத்துணியை எங்கிருந்து சுத்த ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டான். தம்பி பையைத் திறந்தார். துணியை எடுத்து அதன் முனையில் இருந்த வளையத்தைப் பையனின் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று, பிறகு முட்டிகளுக்கு மேல், பிறகு விரல்களுக்கு இடையில் என்று இரண்டு கைக்கும் சுற்றிக் காட்டினார். சுற்றியதை அவிழ்க்காமலே பையன் வீட்டுக்குப் போய்விட்டான். துணியைத் தம்பி திருப்பிக் கேட்கவில்லை.