நல்ல சென்டர் பேக் ஆவது எப்படி: பெக்கி சாவர்பிரனிடம் கற்க வேண்டியவை

பெண்கள் கால்பந்தில் சென்டர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காக்கும் டிஃபெண்டராக வர ஆசைப்படும் பிள்ளையோ, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச்சோ, வீட்டில் இருக்கிற அம்மா அப்பாவோ, யார் வந்து "யாருடைய ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது" என்று கேட்டாலும் நான் தயங்காமல் சொல்லும் பெயர் அமெரிக்காவின் பெக்கி சாவர்பிரன். 2008இல் தேசிய அணிக்குள் வந்தவர், 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். 219 சர்வதேச ஆட்டங்கள், 2015லும் 2019லும் உலகக் கோப்பை, 2012இல் ஒலிம்பிக் தங்கம். அத்தனை ஆட்டங்களிலும் நாட்டுக்காக அவர் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை.

ஏன் இவர் என்றால், பிரான்சின் வெண்டி ரெனார் போல 1.87 மீட்டர் உயரம் இவருக்கு இல்லை. வேகமான ஸ்ட்ரைக்கரோடு நேராக ஓடி ஜெயிக்கிற கால்களும் இல்லை. இவரிடம் இருந்ததில் பெரும்பங்கு பழகினால் வருவது: நிற்கும் விதம், பார்க்கும் விதம், பேச்சு, உடம்பைக் காப்பது, பொறுமை. உயரமும் வேகமும் பிறவியில் வாய்க்காத பிள்ளைகளைப் பல கோச்சுகள் "உனக்கு டிஃபென்ஸ் சரிவராது" என்று முதல் வாரத்திலேயே ஓரம் கட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். பந்தோடு ஒருத்தி உங்களை நோக்கி வருகிறாள். நம் ஊர் கிரவுண்டுகளில் அதிகம் நடப்பது என்னவென்றால், டிஃபெண்டர் அவளுக்கு நேர் எதிரே கால் இரண்டையும் அகட்டி நின்று, பந்து கிட்டே வந்ததும் ஒரு காலை வீசுவாள். வீசிய கால் தரைக்குத் திரும்புவதற்குள் பந்து மறுபக்கம் போயிருக்கும், சில நேரம் அகட்டிய காலுக்கு நடுவிலேயே. இதற்குப் பதிலாக உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து, முழங்காலை மடித்து, எடையை முன்பாதத்தில் நிறுத்துங்கள். கையை நீட்டினால் அவளைத் தொடுகிற தூரம் போதும், கொஞ்சம் கூட இருந்தாலும் தப்பில்லை. கண் பந்தின் மேலேயே இருக்கட்டும். அவள் தோளையும் இடுப்பையும் ஆட்டிக் காட்டுவதெல்லாம் உங்களை ஏமாற்றத்தான். நடுப்பக்கத்தை உங்கள் உடம்பு மூட வேண்டும், கோட்டோரம் மட்டும் அவளுக்குத் திறந்திருக்க வேண்டும். அப்படியே பின்வாங்கிக்கொண்டே போங்கள். எங்கேயாவது ஓரிடத்தில் அவள் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டிவிடுவாள், அந்தத் தொடுதலில் பந்து அவள் காலைவிட்டு ஒரு முழம் விலகும். அதுதான் உங்கள் நேரம். ஒரே எட்டில் உள்ளே போய், பந்துக்கும் அவளுக்கும் நடுவே உங்கள் இடுப்பை வைத்துவிடுங்கள்.

இதைப் பழக நாலு கூம்பு போதும். நாலு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளத்தில் ஒரு சந்து போட்டு, தாக்குபவளை ஒரு முனையிலிருந்து ஓடிவரச் சொல்லுங்கள். டிஃபெண்டர் முதல் சில முறை காலை நீட்டவே கூடாது. கடைசி வரை அவளைத் தாண்ட விடாமல் பின்வாங்குவது மட்டும்தான் வேலை. பந்தைப் பிடுங்க அனுமதி அப்புறம். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் டேக்கிளை எல்லாவற்றுக்கும் கடைசியில் சொல்லிக்கொடுங்கள், சின்னப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்றாலும்.

அடுத்தது பார்வை. என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி இதுதான். யூடியூபில் 2015 உலகக் கோப்பையின் அமெரிக்க ஆட்டம் ஒன்றை எடுத்து, பந்தை விட்டுவிட்டு சாவர்பிரனை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பந்து எங்கோ தூரத்தில் இருக்கும்போதும் அவர் தலை சும்மா இருக்காது. பந்தைப் பார்ப்பார், தோளுக்குப் பின்னே ஒரு பார்வை, பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார், மறுபடி பந்து. அவர் பெரும்பாலும் ஓடுவதே தெரியாது, ஆனால் பந்து வந்து விழுகிற இடத்தில் ஏற்கனவே நின்றுகொண்டிருப்பார். அந்த உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுடனான முதல் ஆட்டத்தின் 27ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கிய அமெரிக்கா, அடுத்த கோலை வாங்கியது ஜப்பானுடனான இறுதிப் போட்டியில்தான். நடுவில் 540 நிமிடங்கள். கோலில் ஹோப் சோலோ, நடுவில் சாவர்பிரனோடு ஜூலி ஜான்ஸ்டன், இரு ஓரங்களில் அலி கிரீகரும் மெகன் கிளிங்கன்பர்க்கும். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியதைப் பார்ப்பதற்கென்றே அந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கலாம்.

எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது? எதிரணியில் பந்து வைத்திருப்பவள்மீது நம் ஆள் நெருக்கிக்கொண்டிருக்கிறாளா, அவள் தலை குனிந்திருக்கிறதா, முதுகு நம் கோல் பக்கம் இருக்கிறதா, அப்படியானால் அவளால் நீளப் பந்து போட முடியாது, வரிசையாக முன்னே ஏறுங்கள். அவள் பந்தைப் பின்பக்கம் பாஸ் பண்ணினாலும் ஏறுங்கள். அவளை யாரும் நெருக்கவில்லை, தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள், உதைக்கக் காலைப் பின்னே எடுக்கிறாள் என்றால் பந்து கிளம்புவதற்கு முன்பே இரண்டு மூன்று எட்டு இறங்கிவிடுங்கள். கிளம்பிய பிறகு திரும்பி ஓடினால் வேகமான ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கவே முடியாது. பந்து உதைக்கப்படும்போதே ஸ்ட்ரைக்கர் நம் வரிசையைத் தாண்டி நின்றாள், ஆஃப்சைடு என்று கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை மட்டும் பழக்கமாக்காதீர்கள். ஓரத்து நடுவரின் கொடி ஏறாவிட்டால் கோல்தான்.

இதற்கெல்லாம் வாய் வேண்டும். பின்னால் நிற்கிற உங்களுக்குத்தான் முழு கிரவுண்டும் தெரிகிறது, முன்னால் இருப்பவளுக்கு முதுகில் கண் இல்லை. "ஏறு", "இறங்கு", "மேன் ஆன்" (ஆள் நெருங்குகிறாள்), "டைம் இருக்கு", "லெஃப்ட்ல ஆள்" என்று சின்னச் சின்னச் சொல்லாக, பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் கத்தினால் நாலு பேரும் திரும்புவார்கள் அல்லது யாருமே திரும்ப மாட்டார்கள். வீட்டில் "மெதுவா பேசு, சத்தம் போடாதே" என்று கேட்டே வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு இது டேக்கிளைவிடக் கஷ்டமாக இருக்கும். அவசரப்படுத்தாமல் பயிற்சியில் தினமும் பேச வையுங்கள். திட்டுவதும் பேசுவதும் வேறு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹெடிங், அதாவது தலையால் பந்தை அடிப்பது பற்றிச் சுருக்கமாக: பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெடிங்கே கூடாது, 11 முதல் 13 வரை பயிற்சியில் கட்டுப்பாடு என்று அமெரிக்கக் கால்பந்து சங்கம் 2015இல் முடிவெடுத்தது. இங்கேயும் அதையே பின்பற்றலாம். பெரிய பிள்ளைகள் நெற்றியால், கண் திறந்தபடி, உயரமாகவும் ஓரமாகவும் அடிக்கப் பழகட்டும்.

முழங்காலைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்ல மாட்டேன். ஏசிஎல் என்கிற முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நடக்கிறது. அதிலும் யாரும் மோதாமல், திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ தானாகவே கிழிவது அதிகம். டிஃபெண்டர் நாள் முழுக்கச் செய்வது திடீரென்று நிற்பதும் திரும்புவதும்தான். இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சனுக்கு 2023 ஏப்ரலில் கிழிந்தது, அந்த ஆண்டின் உலகக் கோப்பையே போய்விட்டது. மீண்டு வந்து 2025இல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார், ஆனால் அவருக்குக் கிடைத்த மருத்துவமும் ஃபிசியோவும் எல்லாருக்கும் கிடைக்காது. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம் அப் முறை இருக்கிறது. மெதுவான ஓட்டம், தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி, சமநிலை, குதித்து இறங்குவது, வேக ஓட்டம் எல்லாம் சேர்த்து சுமார் 20 நிமிடம், பந்தும் கூம்பும் தவிர வேறு சாமான் வேண்டாம், படங்களோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாரம் இரண்டு முறையாவது செய்யுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கிறதா என்று ஒருவர் எதிரே நின்று பார்க்க வேண்டும். சாய்ந்தால் அதைத் திருத்தும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். வலியோடு ஆடுவதை வீரம் என்று சொல்கிற கோச்சிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, ஆட்டம் வந்துவிட்டது, வாழ்க்கை? சாவர்பிரனின் முதல் சர்வதேச ஆட்டம் 2008 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் கனடாவுக்கு எதிராக. அதிலேயே மூக்கு உடைந்தது. 2011 உலகக் கோப்பையில் பெஞ்சில்தான் இருந்தார்; ரேச்சல் பியூலர் சிவப்பு அட்டை வாங்கியதால் பிரான்சுடனான அரையிறுதியில் திடீரென்று இறக்கப்பட்டார், அமெரிக்கா 3-1 என்று ஜெயித்தது, இறுதிப் போட்டியில் மறுபடி பெஞ்ச். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கிலும் மாற்று ஆட்டக்காரர்தான். முதல் பதினொன்றில் நிலையான இடம் கிடைத்தபோது வயது 28ஐ நெருங்கிவிட்டது. டிஃபெண்டர்கள் பழுப்பது கொஞ்சம் தாமதமாகத்தான், ஆட்டத்தைப் படிக்கிற கண் வருடக்கணக்கில் வருவது. 18 வயதில் மாநில அணியில் எடுக்கவில்லை என்று ஷூவைத் தூக்கி எறியாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் வேறொருவர் இடத்தில் இறங்கினால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், வலது, இடது இரண்டு பக்கமும் ஆடப் பழகியிருக்க வேண்டும்.

படிப்பை விடக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். நார்வேயின் ரோவா, வாஷிங்டன் ஃப்ரீடம், மேஜிக்ஜாக், எஃப்சி கான்சாஸ் சிட்டி, யூட்டா ராயல்ஸ், போர்ட்லாண்ட் தார்ன்ஸ் என்று அவர் மாறியதில் சில மாற்றங்கள் கிளப்போ லீகோ மூடப்பட்டதால் வந்தவை. அவர் ஆடிய டபிள்யூபிஎஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் லீக் 2012இல் இழுத்து மூடப்பட்டது. அதற்குப் பதிலாக 2013இல் புதிதாகத் தொடங்கிய என்டபிள்யூஎஸ்எல் லீகில் ஒரு சீசனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வெறும் 6,000 டாலர். அந்த லீகில் 2013, 2014, 2015, 2019 என்று நாலு முறை சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கியவர், தேசிய அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்காகவும் நின்றார். 2016இல் சம ஊதியம் கேட்டு அரசு ஆணையத்தில் புகார் கொடுத்த ஐந்து பேரில் ஒருவர். பிறகு தொடர்ந்த வழக்கு 2022இல் 2.4 கோடி டாலருக்குச் சமரசமானது, ஆண் பெண் அணிகளுக்குச் சம ஊதிய ஒப்பந்தம் வந்தபோது ஆட்டக்காரர்கள் சங்கத் தலைவரும் அவர்தான்.

ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: எத்தனை மாதத்துக்குச் சம்பளம், தங்குமிடம் யார் செலவு, அடிபட்டால் அறுவை சிகிச்சைக்கும் அதற்கப்புறம் ஃபிசியோவுக்கும் யார் பணம் கட்டுவார்கள், பாதியில் அணி கலைந்தால் என்ன. இந்தியாவில் இந்தியப் பெண்கள் லீக் இருக்கிறது. 2019இல் அதை ஜெயித்தது மதுரையின் சேது எஃப்சி. இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த மணிப்பூர் டிஃபெண்டர் ஆஷாலதா தேவியும் அந்தக் கிளப்புக்கு ஆடியவர்தான். ஆனாலும் லீக் வருமானத்தை மட்டும் நம்ப முடியாமல் பலர் ரயில்வே, போலீஸ் வேலைகளோடுதான் ஆடுகிறார்கள். அந்த வேலைக்கான தகுதிக்கும் படிப்பு வேண்டும்.

டிரயலுக்கு வீடியோ அனுப்பும்போது டேக்கிள்களை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். பந்து வருவதற்குப் பத்து விநாடி முன்பிருந்து காட்டுங்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள், எப்படித் திரும்பிப் பார்த்தீர்கள், பந்தைப் பிடுங்கிய பிறகு யாருக்குப் பாஸ் கொடுத்தீர்கள் என்பது தெரியட்டும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். நாலைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெயர், பிறந்த ஆண்டு, உயரம், எந்தக் கால், எந்தெந்த இடத்தில் ஆடுவீர்கள் என்பதை முதல் திரையில் போட்டு, வெட்டாத ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள், முடிந்தால் உங்கள் அணி தோற்ற ஆட்டமாக. பந்து அதிக நேரம் உங்கள் பக்கம் இருந்திருக்கும், பார்ப்பவருக்கு உங்கள் வேலை அதில்தான் நன்றாகத் தெரியும்.