வேலை நின்னுபோன நாள்ல கல்லிக்கு (சந்துக்கு) ஒரே உலை வைக்கிறது எப்படி

1976-ல மும்பையில ஜனதா காலனியை இடிச்சு எங்களைச் சீத்தா கேம்ப்ல கொண்டாந்து விட்டப்ப எனக்கு ஆறு வயசு. அணுசக்தி மையத்துக்கு அந்த நிலம் வேணும்னாங்க. இங்க வந்து பாத்தா சேறும் உப்புக்காத்தும்தான். எங்க அம்மாவும் பக்கத்துல இறங்கின ராத்தாவும் மூணு கல்லைக் கூட்டி ஒரே பானையில கஞ்சி வச்சாங்க. 2020 மார்ச்ல ஊரடங்கு வந்து, தெருமுனை நாக்காவுல நின்னு கூலிக்குப் போறவங்க எல்லாம் வீட்டுக்குள்ள முடங்கினப்ப, நாங்களும் அதையேதான் செஞ்சோம். தப்பா செஞ்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

பாத்திரத்துக்குக் காசு செலவழிக்காதீங்க. கல்யாணச் சமையல்காரர் யாராவது பக்கத்துல இருப்பார். ஊரே முடங்கிக் கிடக்கும்போது அவரோட தேக்சாவும் (பெரிய சமையல் அண்டாவும்) சும்மாதான் கிடக்கும், கேட்டா கொடுப்பார்.

அரிசிக்கு, ஊர்ல நம்ம பாட்டிமார் எடுத்து வச்ச பிடியரிசிதான் வழி. அந்த ஏப்ரல்லேருந்து ரேஷன்ல ஆளுக்கு 5 கிலோ இலவசமா வந்துச்சு. ஆனா கார்டை ஊர்லயே வச்சுட்டு வந்தவங்களுக்கு எங்க கல்லியில ஒண்ணும் கிடைக்கலை. அதனால கார்டு இருக்கிற வீடு தலைக்கு ரெண்டு டம்ளர் பொதுச் சாக்குல கொட்டணும்னு வச்சோம். சாக்கைத் தரையில வைக்காதீங்க, பரண்ல ஏத்துங்க. மழைக்காலத்துல பெரிய அலை அடிக்கிற நேரமும் மழையும் ஒண்ணா வந்தா நாலா (சாக்கடைக் கால்வாய்) எதிர்த்துக்கிட்டு வீட்டுக்குள்ள வரும்.

ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குச் சோறாகும். அதையே பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்டு நோன்புக் கஞ்சி பதத்துல காய்ச்சினா இருபது பேருக்குத் தாங்கும். அந்த வருஷம் ஏப்ரல் 25-ல நோன்பு தொடங்கிச்சு. சாயங்காலமானா முருகன் கோயில் பக்கத்துப் பிள்ளைங்கதான் கிண்ணத்தோட முதல்ல வந்து நிக்கும். கறி மட்டும் வேண்டாம். ஒருத்தர் ஹலால் பாப்பாங்க, ஒருத்தர் மாடு தொட மாட்டாங்க, சண்டைதான் வேகும். ஜூன், ஜூலை மீன்பிடித் தடையில மீன் விக்கிற கோளிக்காரப் பொண்ணுங்களுக்கும் கை வறண்டிருக்கும். காஞ்ச ஜவ்லாவை (பொடி இறாலை) கொடுத்துச் சோறு வாங்கிட்டுப் போவாங்க. அதைத் தனியா வறுத்து வைங்க, வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும்.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் பரிமாறுறதுலதான் இருக்கு.

முதல் வாரம் வரிசையில நிறுத்திப் பேர் கூப்பிட்டுக் கொடுத்தேன். கடைசி கோலியில (ஒத்தை ரூம் வீட்டுல) இருக்கிற ஒரு மதினி வரலை. "என்ன மதினி, இன்னும் வாங்கலையா?"ன்னு கல்லி முழுக்கக் கேக்குற மாதிரி கத்திட்டேன். மூணு நாள் அவங்க வீட்டுக் கதவு திறக்கலை. அஞ்சு வருஷம் எனக்குக் கடனுக்குப் பிளவுஸ் தச்சுக் கொடுத்த கை அது. அப்புறம் முறையை மாத்தினோம். காலையிலயே தூக்குப்போணியைத் திண்ணையில வச்சுட்டுப் போயிடணும், பையன்கள் நிரப்பி அவங்கவங்க வாசல்ல வச்சுட்டு வந்துடுவாங்க. எது யாரோடதுன்னு மூடியில கட்டின நூல் கலர்தான் சொல்லும். நோட்டுல கொடுத்தவங்க கணக்கு மட்டும். வாங்கினவங்க பேர் கிடையாது, எத்தனை தூக்குங்கிற எண்ணிக்கை போதும். அரிசி மூட்டையோட வந்து, வாங்குறவங்களை நிறுத்திப் போட்டோ எடுக்கணும்னு கேட்டவங்க உண்டு. மூட்டையை வாங்கிக்கோங்க, போட்டோவுக்குத் தேக்சாவைக் காட்டுங்க.

இன்னொண்ணு. நம்ம ஆளுங்க பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க. கருவேப்பிலையாவது போட்டுத் தரணும்னு நினைக்கிறவங்க, அதுகூட இல்லாத நாள்ல பாத்திரத்தை வெளிய எடுக்கவே மாட்டாங்க. அதனால விடியக்காலை குழாய் வரும்போது ரெண்டு குடம் பிடிச்சு ஊத்தினாலும் பங்குதான்னு முதல் நாளே சொல்லிடுங்க. அந்த மதினி மறுவாரத்துலேருந்து ஆறு குடம் ஊத்தினாங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க.

நிறுத்துற நாளை நீங்களா அறிவிக்காதீங்க. வேலை கிடைக்கக் கிடைக்கத் தூக்கு தானா குறையும். எங்களுக்குக் கடைசியில ஆறுதான் மிஞ்சிச்சு, எல்லாம் தனியா இருக்கிற வயசானவங்க. வீட்டுக்கு ஒருத்தரா பிரிச்சுக்கிட்டு, தேக்சாவைப் புளி போட்டுத் தேய்ச்சுத் திருப்பிக் கொடுத்தோம். என் பங்குக்கு வந்த ஆச்சி, என் குழம்புல உப்பு கம்மின்னு இன்னைக்கும் சொல்லிட்டிருக்காங்க.